ஒரே வீடு, மூன்று படம்: செட்டிநாட்டு வீட்டில் கலை இயக்குநரின் வேலை

கேள்வி இதுதான்: காரைக்குடிப் பக்கம் ஒரே வீட்டில் மூன்று அரைமணி நேரக் கதைகள் எடுக்க வேண்டும். முதலாவது கல்யாண வீட்டு நகைச்சுவை, இரண்டாவது 1942-இல் பர்மாவிலிருந்து திரும்பும் ஒருவரின் கதை, மூன்றாவது பேய்க்கதை. கலை இயக்குநர் ஒருவர்தான், பணமும் குறைவு. மூன்றும் ஒரே வீடு என்று தெரியாமல் எப்படி எடுப்பது? வகைக்கு வகை மாறி வேலை செய்யும் கலை இயக்குநர்கள் எதைப் பிடித்துக்கொண்டு மாறுகிறார்கள்?

முடியும். ஆனால் சாமான்களை மாற்றி அல்ல, வீட்டில் எடுக்கும் கட்டை, அதாவது வீட்டின் பகுதியை, மாற்றி. செட்டிநாட்டு வீட்டில் வேலை செய்பவர் முதலில் மனதில் நிறுத்த வேண்டியது இதைத்தான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருவது.

தோட்டா தரணியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாயகன்’ படத்துக்காகத் தாராவியைச் சென்னையில் எழுப்பியதும் அவர்தான், ‘சிவாஜி’யில் ‘சஹானா’ பாட்டுக்குக் கண்ணாடி மாளிகை கட்டியதும் அவர்தான். இரண்டையும் ஒரே கை செய்ததென்று பார்ப்பவருக்குத் தோன்றாது. கதை எந்தப் பொருளால் ஆன உலகத்தைக் கேட்கிறது என்பதை முதலில் முடிவுசெய்வதுதான் அங்கே நடக்கிற வேலை: ஒன்றுக்குத் தகரமும் சாக்கும், இன்னொன்றுக்குக் கண்ணாடியும் ஒளியும். வெறுந்தரையில் செட் போடும்போது அந்தப் பொருளை நீங்களே கொண்டுவரலாம். செட்டிநாட்டு வீட்டில் அது ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறது. பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சு, பெல்ஜியம் கண்ணாடி என்று எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் வீடு “நான் பணக்கார வீடு, இங்கே கல்யாணம் நடக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதன்மேல் இன்னும் சாமான் அடுக்கினால் மூன்று படமும் ஒரே படமாகிவிடும். எதைக் காட்டுவது என்பதைவிட எதை மூடுவது என்பதுதான் இங்கே கலை இயக்கம்.

நல்லவேளையாக, வீடே பல மனநிலைகளுக்குப் பிரித்துக் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு தெருவில் முன்வாசல், அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளமாகப் போகும் வீடு. முன்னால் திண்ணையும் முகப்பும் ஆண்கள் கணக்குப் பார்த்த இடம். உயரமான தூண், பளிங்கு, சரவிளக்கு எல்லாம் வந்தவரை அசத்த வைத்தவை. அடுத்தது வளவு: நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, தூணுக்குப் பின்னால் புள்ளிக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பக் கிளைக்கும்) ஒன்றாக அறைகள். அதற்கடுத்து இரண்டாங்கட்டு, பெண்களும் பண்டசாலையும் இருந்த பகுதி. கடைசியில் அடுப்படி, அம்மி, ஆட்டுக்கல், கிணறு. பின்னால் போகப் போகத் தூண் குட்டையாகும், தரை எளிமையாகும், வெளிச்சம் குறையும். முகப்பில் 1942, வளவில் கல்யாணம், இரண்டாங்கட்டிலும் உள்ளறைகளிலும் பேய் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு கதைக்குரிய கட்டு அடுத்த கதையில் ஒரு ஃபிரேமில்கூட வரக்கூடாது. இதை எழுதி இயக்குநரிடமும் ஒளிப்பதிவாளரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். படப்பிடிப்பு நாளில் “இந்த வளவு அழகாக இருக்கே, பேய்க்கதையிலும் ஒரு ஷாட் வைப்போம்” என்று ஒருவர் சொல்வார். அந்த ஒரு ஷாட்டில் மூன்று படமும் ஒட்டிக்கொள்ளும்.

பார்ப்பவர் ஒரு வீட்டை அடையாளம் கண்டுகொள்வது பெரும்பாலும் தரையை வைத்து. சுவரில் மாட்டியதை மாற்றலாம், நாற்காலியை மாற்றலாம், ஆத்தங்குடிக் கல்லின் பூவும் நிறமும் கண்ணில் ஒட்டிக்கொள்ளும். எனவே மூன்று கதைக்கும் மூன்று தரை வேண்டும். முகப்பில் பளிங்கு இருந்தால் அது ஒன்று. வளவில் கல்லை அப்படியே விட்டு மேலே பந்திப்பாயும் ஜமக்காளமும் விரியுங்கள். பின்கட்டில் பெரும்பாலும் சிமெண்ட்டோ செங்கல்தளமோ இருக்கும். அங்கும் அதே பூக்கல் இருந்தால் தரையையே மூட வேண்டியதுதான். 8-க்கு 4 அடி பிளைவுட் ஆறு தகடு போட்டால் 16-க்கு 12 அடி இடம் கிடைக்கும், ஒரு அறைக்கு அது போதும். 6 மில்லிமீட்டர் பலகை வாங்காதீர்கள், நடந்தால் வளைந்து டம்டம் என்று சத்தம் போடும். 12 மில்லிமீட்டர் எடுங்கள். அடியில் பழைய ஜமக்காளம் விரித்து அதன்மேல் பலகை, இணைப்புகளில் பட்டி, மேலே சிவப்பு ஆக்சைடு கலந்த பெயின்ட். காய்ந்தபிறகு மெழுகு தேய்த்துத் துணியால் இழுத்தால் பழைய சிவப்புச் சிமெண்ட் தரை போலவே நிற்கும். ஃப்ளெக்ஸில் அச்சடித்த தரையை மட்டும் தொடாதீர்கள். விளக்கு பட்டதும் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும், ஓரமும் சுருளும்.

கல்யாணக் கதையில் வளவின் பலம் அதன் கதவுகள். முற்றத்தைச் சுற்றி எட்டுப் பத்துக் கதவு இருப்பது சாதாரணம். நகைச்சுவைக்கு வேண்டியது யார் எந்தக் கதவால் வருகிறார், யார் எதிர்க்கதவால் நழுவுகிறார் என்பது. கேமராவை ஒரு மூலையில், பட்டாலை எனும் மேடையின் உயரத்தில் வைத்தால் இரண்டு பக்கக் கதவு வரிசையும் ஒரே ஃபிரேமில் விழும். இங்கே கலை இயக்குநர் செய்ய வேண்டியது ஒவ்வொரு கதவுக்கும் ஓர் அடையாளம் கொடுப்பது. ஒன்றின்மேல் மாவிலைத் தோரணம், இன்னொன்றின் முன் அரிசி மூட்டை, மூன்றாவதில் சீர் சாமான் நிறைந்து கதவு பாதிதான் திறக்கிறது. இல்லையென்றால் எல்லாக் கதவும் ஒன்றுபோல் தெரிந்து, யார் எங்கே ஒளிந்தார் என்று பார்ப்பவர் குழம்புவார், சிரிப்பு போய்விடும்.

சீர் சாமான் பரப்பும் காட்சி வைத்தால் அதற்கென்று தனி நேரம் ஒதுக்குங்கள். வாடகைக்குச் சாமான் எடுக்கும்போது எண்ணிக்கையைவிட அடுக்கு முக்கியம். பெரிதிலிருந்து சிறிதாக ஒரே வகைப் பாத்திரம் வரிசையாக நிற்பதுதான் செட்டிநாட்டுப் பரப்பு. பித்தளைத் தவலை ஒன்று, எவர்சில்வர் குடம் ஒன்று, பிளாஸ்டிக் வாளி ஒன்று என்று கலந்து வைத்தால் கடைத்தெரு போலாகும். பலகாரத் தட்டில் கந்தரப்பமும் சீயமும் நெடுநேரம் தாங்கும். வெள்ளைப் பணியாரம் ஆறினால் வதங்கிப்போகும், அதை நெருக்கக் காட்சி தயாரானபிறகு சுட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாழை இலை விளக்குச் சூட்டில் சீக்கிரம் சுருளும். ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைத்து, டேக்குக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

வளவில் வெளிச்சம்தான் தொல்லை. நம் பகுதி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். முற்றத்தில் நிற்பவரின் கண்குழி கறுத்துப்போகும், தூணுக்குப் பின்னால் இருப்பவர் இருட்டில் போவார். முற்றத்தின்மேல் வெயிலை மென்மையாக்கும் ஸ்கிம்மர் துணி கட்டினால் இரண்டும் சரியாகும். 20-க்கு 20 அடித் துணி காற்றில் பாய்மரம் போல இழுக்கும், பிற்பகல் காற்றுக்கு முன் அவிழ்த்துவிட வேண்டும். கயிற்றைத் தேக்குத் தூணில் கட்டும்போது அடியில் மடித்த துணி வையுங்கள், இல்லாவிட்டால் மெருகு தேயும். இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: சிவப்பும் பச்சையுமான தரைக்கல்லில் வெயில் பட்டு மேலே தெறித்தால் அந்த நிறம் தாடையிலும் கழுத்திலும் ஏறும். பிறகு கலர் கிரேடிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு. ஃபிரேமுக்கு வெளியே தரையில் வெள்ளைவேட்டி இரண்டு விரித்தால் தீர்ந்தது.

1942 கதைதான் மூன்றிலும் கடினமானது, நேரமும் அதற்கே அதிகம் போகும். அந்த ஆண்டு மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கடையையும் கணக்கையும் விட்டுவிட்டுக் கப்பலிலும் கால்நடையாகவும் வந்தவர்கள் பலர். முகப்பு இதற்குப் பொருத்தம், ஏனென்றால் பர்மாவில் ஈட்டிய பணத்தால் எழுந்த இடமே அதுதான். நடிகர் ஒன்றும் பேசாமல் அந்தத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்தாலே இழந்தது தெரியும்.

முதல் வேலை காலத்துக்குப் பொருந்தாததை மறைப்பது. முகப்பில் நின்று தரையிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். வெள்ளை பிளாஸ்டிக் சுவிட்சுப் பெட்டி, பிவிசி குழாயில் ஓடும் ஒயர், டியூப் லைட் பட்டை, கேபிள் டிவி ஒயர், சிசிடிவி, நிலைக்கதவில் பின்னால் வைத்த நவீனப் பூட்டு. ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து எண் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சுப் பெட்டிமேல் மெல்லிய மரப்பெட்டி மூடி செய்து, அதில் பழைய வட்டக் கறுப்பு சுவிட்ச் இரண்டு பதித்தால் மறைப்பும் ஆயிற்று, காலமும் வந்தது. ஆனால் அந்த வீட்டில் மின்சாரம் இருந்ததா இல்லையா என்பதைக் கதையிலேயே தீர்மானித்துவிட வேண்டும். சுவரில் சுவிட்ச், மேசையில் அரிக்கேன் என்றால் பார்ப்பவர் காரணம் தேடுவார். ஒயருக்குச் சுவரின் நிறத்திலேயே துணிப்பட்டை போதும், டேப் வேண்டாம். அந்தச் சுண்ணாம்புப் பூச்சு பீங்கான் போல வழுவழுப்பானது. டேப்பை உரிக்கும்போது பழைய பூச்சின் மேல்தோலும் வந்துவிடும். ஆணி அடித்தாலோ சுற்றி வட்டமாகப் பெயரும், அதே பக்குவத்தில் ஒட்டுப்போடுகிற கொத்தனார் எளிதில் கிடைக்கமாட்டார். எதிரெதிர்ச் சுவருக்கிடையே இறுக்கி நிறுத்தும் கம்பியில் தொங்கவிடுவதுதான் பாதுகாப்பு, கம்பியின் இரு முனையிலும் ரப்பரும் துணியும் இருக்க வேண்டும்.

பிளைவுட் தட்டியால் ஒரு சுவரை நீட்ட வேண்டியிருந்தால் கடையில் வாங்கும் வெள்ளை எமல்ஷனை அப்படியே அடிக்காதீர்கள். செட்டிநாட்டுச் சுவரின் வெள்ளை சுத்த வெள்ளை அல்ல, கொஞ்சம் தயிர் நிறம். பக்கத்தில் எமல்ஷன் நின்றால் நீலம் பாய்ந்தது போல் தெரியும். மஞ்சள் காவி கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அட்டையில் பூசி, காய்ந்தபிறகு சுவரோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்து முடிவுசெய்தால் ஏமாறுவீர்கள். கடைசி மேல்பூச்சு மட்டும் அரைமெருகாக இருக்கட்டும்.

சாமானுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைவிட நல்ல இடம் கிடையாது. வாங்க வேண்டாம், நாள் வாடகை பேசுங்கள். 1942 வீட்டில் எவர்சில்வர் வரக்கூடாது. பித்தளை, வெண்கலம், எனாமல் பூசிய இரும்பான மங்குச் சாமான், அவ்வளவுதான். மங்குத் தட்டை நெருக்கத்தில் காட்டுவதாக இருந்தால் விளிம்பைப் பாருங்கள்: பல ஆண்டு புழங்கியதில் பீங்கான் பூச்சு சில்லுச் சில்லாக உதிர்ந்து கறுத்த இரும்பு தெரியும். அந்தக் காயம் இன்று பழசாக இருக்கிறது, 1942-இல் அந்தத் தட்டு புதிது. பழம்பொருள் கடைச் சாமானை வைத்து எடுக்கும் காலப்படங்களில் எல்லாமே கிழடுதட்டித் தெரிவதற்குக் காரணம் இதுதான். அன்றைய மனிதருக்கு அவை அன்றைய பொருள்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குங்கள், மங்குத் தட்டில் சில்லு இல்லாத பக்கத்தைக் கேமராவுக்குத் திருப்புங்கள். கடைக்காரர் களிம்போடு இருப்பதையே விரும்பினால் துலக்குவதற்கு முன் அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தாள் சாமானில்தான் அதிகம் பிடிபடுவார்கள். 1937 ஏப்ரலில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ரங்கூனிலிருந்து வரும் கடிதத்தில் சாதாரண இந்திய அஞ்சல்தலை இருக்கக்கூடாது, பர்மா என்று அச்சிட்ட தலைதான் இருக்க வேண்டும். காசு அணா, பைசாக் கணக்கில். நயாபைசா 1957-இல்தான் வந்தது. கணக்கேட்டில் எழுதும் கை, பேனா, மை எல்லாம் திரையில் பெரிதாகத் தெரியும். பால்பாயின்ட் கோடு ஒன்று போதும், மொத்தமும் பொய்யாகிவிடும். தேநீர் வடித்த நீரில் தாளை முக்கிப் பழசாக்கும் பழக்கம் எல்லாரிடமும் இருக்கிறது. 1942-இல் வந்த கடிதத்தை 1942-இல் படிக்கிறவர் கையில் பழுப்புத்தாள் எதற்கு?

ஆச்சிமார் உடையில் கண்டாங்கிச் சேலை. பெரிய கட்டம் என்பதால் கேமராவில் அலையடிக்காது, பொடிக்கோட்டுச் சட்டைதான் அலையடிக்கும். கட்டு, பின்கொசுவம், கணுக்கால் தெரியும் உயரம். உள்ளூரில் வயதான பெண் ஒருவரை அழைத்துக் கட்டிவிடச் சொல்வது எந்தப் புத்தகத்தையும்விட மேல். வசனத்தில் அப்பாவை அப்பச்சி என்றும், அப்பாவைப் பெற்றவளை அப்பத்தா, அம்மாவைப் பெற்றவளை ஆயா என்றும் நகரத்தார் வீட்டு முறையில் வரட்டும். கலை இயக்குநரின் வேலை இல்லைதான், ஆனாலும் அந்த முகப்பில் நின்று ஒருவர் “டாடி” என்றால் உங்கள் உழைப்பும் போகும்.

பேய்க்கதைக்கு வருவோம். இங்கே பெரும்பாலானவர்கள் செய்வது ஒட்டடை, நீல விளக்கு, புகை. பாழடைந்த வீட்டை நம்பவைக்க அது போதும், பயப்படவைக்கப் போதாது. செட்டிநாட்டில் உண்மையிலேயே உறுத்துவது வேறு. ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடந்து, காவல்காரர் ஒருவர் மட்டும் பெருக்கி விளக்கேற்றி, முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள். சுத்தமாக இருக்கிறது, ஆள் இல்லை. புள்ளிகளின் அறைகளில் ஒன்று மட்டும் யாராலும் திறக்கப்படுவதில்லை. இந்த மண்ணுக்குரிய பயம் அது. ஆகவே பின்கட்டைக் குப்பையாக்காமல் காலிசெய்யுங்கள். பாயில்லாத பாய்க்கம்பி, படம் எடுத்த இடத்தில் மட்டும் வெளுப்பாக நிற்கும் சுவர்க்கட்டம், கொடியில் ஒரே ஒரு துண்டு. பழைய இரும்புச் சாவி ஒன்று கிடைத்தால் அதன் தண்டு மங்கிக்கிடக்கட்டும், பிடி மட்டும் தேய்ந்து மினுங்கட்டும். யாரோ தினமும் எடுக்கிறார்கள் என்பதை அந்த மினுக்கே சொல்லிவிடும்.

ஒட்டடை ஒரு மூலைக்காவது வேண்டுமென்றால் ரப்பர் சொல்யூஷனைச் சுவரில் நேராக ஊதாதீர்கள், பூச்சிலிருந்து எடுக்க முடியாது. நைலான் நூலில் சட்டம் கட்டி, வெளியே வைத்து ஊதி, பிறகு மூலையில் தொங்கவிடுங்கள். தூசிக்கு முல்தானி மட்டியை மெல்லிய துணியில் கட்டித் தட்டினால் சீராக விழும், ஒரு நடுத்தர அறைக்கு ஒரு கிலோ தாராளம். வழுவழுத் தரையில் அது சறுக்கும். நடிகர் ஓடும் பாதையில் போடாமல் ஓரங்களில் மட்டும் போடுங்கள். சாம்பிராணிப் புகை திட்டுத்திட்டாக நிற்கும், சீரான மூட்டத்துக்கு ஹேஸ் மெஷின்தான். வளவுப் பக்கக் கதவு திறந்திருந்தால் முற்றம் புகைபோக்கியாக வேலை செய்து எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு டேக்கிலும் புகை வேறுவேறாகி எடிட்டிங்கில் வெட்டு ஒட்டாது. எனவே கதவை அடைத்து, புகை விட்டு, இரண்டு நிமிடம் அமரவிட்டுப் பிறகு ஆக்‌ஷன்.

வெளிச்சம் ஒரே திசையிலிருந்து வரட்டும். ஓட்டின்மேல் விளக்கையோ ஆளையோ ஏற்றாதீர்கள், நாட்டு ஓடு நொறுங்கும். சமதளமான மாடியில் ஸ்டாண்டு வைத்து, முற்றத்தின் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால் தூண் நிழல் நடைக்குள் நீளும். முன்வாசலிலிருந்து பின்வாசல்வரை கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்குமே, இரண்டாங்கட்டிலிருந்து பின்னோக்கி மட்டும் பார்த்து, அதில் நடுக்கதவுப் பகுதியை இருட்டாகவிட்டுக் கடைசிக் கட்டில் மட்டும் சிறு வெளிச்சம் வையுங்கள். 24 எம்எம் லென்ஸில் அந்த நீளம் இன்னும் நீளும், 85-இல் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று நெருங்கிக் கழுத்தைப் பிடிக்கும். என் தேர்வு 85. பெல்ஜியம் கண்ணாடியில் யூனிட் தெரிந்தால் மேல்விளிம்பின் பின்னால் மடித்த அட்டை ஒன்றைச் செருகிச் சற்றுச் சாய்த்தாலே போதும். பழைய ரசம்பூசிய கண்ணாடியில் ஸ்பிரே அடிக்கவே கூடாது.

எடுக்கும் வரிசையைக் கதை வரிசையில் போடாதீர்கள். முதலில் 1942, ஏனென்றால் மறைக்கும் வேலைக்கே அரைநாள் வேண்டும், வீடும் அப்போதுதான் கலையாமல் இருக்கும். அடுத்து கல்யாணம். தூசி கொட்டும் பேய்க்கதை கடைசி.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 4 கிலோவாட் எச்எம்ஐ விளக்கு ஒன்றே ஏறத்தாழ 20 ஆம்பியர் இழுக்கும். பழைய வீட்டு ஒயர் அதைத் தாங்காது, மச்சில் ஓடும் ஒயர் சூடானால் பக்கத்தில் இருப்பது நூறாண்டுத் தேக்கு. ஜெனரேட்டர் இல்லையென்றால் எல்இடி மட்டும், மொத்தம் 1000 வாட்டுக்குள். ஒலிக்கு, தூணும் கல்லும் எதிரொலிக்கும் என்பதால் ஃபிரேமுக்கு வெளியே உள்ள தரை முழுக்கப் பாயும் ஜமக்காளமும் போடுங்கள். ஓட்டிடுக்குப் புறாவைத் துரத்தப் பட்டாசு வெடிக்காதீர்கள், பத்து நிமிடத்தில் திரும்பி வந்து இன்னும் படபடக்கும்.

அனுமதிதான் படப்பிடிப்பை நிறுத்தும் முதல் காரணம். வீடு ஒருவர் பெயரில் இருப்பது அரிது. பல புள்ளிகளுக்குப் பங்கு இருக்கும், ஊரில் இருப்பவர் சரி என்றாலும் வெளியூர்ப் பங்காளி ஒருவர் இரண்டாம் நாள் போன் போட்டு நிறுத்தலாம். எல்லாரிடமும் எழுத்தில் வாங்குங்கள். சாமி அறைக்கும் படைப்பு நடக்கும் இடத்துக்கும் கேமரா போகாது என்பதை நீங்களாகவே அதில் எழுதிவிடுங்கள். பேய்க்கதை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில குடும்பங்கள் மறுக்கும், மறுத்தால் அந்தக் கதைக்கு வேறு வீடு பார்ப்பதுதான் நியாயம்.

முடித்துக் கொடுக்கும்போது தூசியை முதலில் உலர்ந்த துடைப்பத்தால் எடுத்துவிட்டு, பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த துணி. முல்தானி மட்டிமேல் நேராகத் தண்ணீர் ஊற்றினால் சேறாகிக் கல்லின் இணைப்பில் இறங்கும். ஆசிட் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஆத்தங்குடிக் கல் சுட்டது அல்ல, கண்ணாடிமேல் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்த சிமெண்ட். ஆசிட் பட்ட இடத்தில் அந்தக் கண்ணாடி வழவழப்பு ஒரேயடியாகப் போய்விடும். நன்றாகக் காய்ந்தபிறகு தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை இழுத்துவிட்டு, எண் போட்டு எடுத்த போட்டோக்களோடு ஒவ்வொரு பொருளையும் ஒப்பிட்டு, பங்காளிகளில் ஒருவரைக் கூடவே வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.